பாசி பிடித்த தொட்டியும் பச்சை படர்ந்த நீர்த்தேக்கமும்

கடலை ஒருமுறையேனும் கண்டிராத பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிக் கற்பிப்பது எளிதன்று. நமது கல்லூரியில் விலங்கியல் பயின்று, 1980களின் பிற்பகுதியில் ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப்புறப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியனாகக் கடமையேற்ற நான் இதனை முதல் தவணையிலேயே உணர்ந்தேன். ஆகவே நீர்கொழும்பிலிருந்து கடல்நீரைக் கலன்களில் நிரப்பிப் புகையிரதத்தில் ஏற்றிவந்து, கண்ணாடித் தொட்டியொன்றில் ஊற்றி, பாறைத் துண்டுகள் சிலவற்றையும், கடற்சாமந்தி இரண்டையும், சிறு மீன்களையும், நத்தைகளையும் அதில் இட்டேன். கொழுந்தெடுக்கும் தாய்மாரும் மாலையில் வந்து பார்த்துச் செல்வர்.

கடல்நீர்த் தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றிக்கொண்டே வரவேண்டும். மாசி மாதத்தில் பீலி வற்றியமையால், மரக்கறித் தோட்டங்களைக் கடந்து வரும் ஓடையிலிருந்து மாணவர் நீர் மொண்டுவந்தனர். ஆறு வாரம் செல்லுமுன் பாறையெங்கும் தலைமயிர் போன்ற பச்சைப்பாசி வளர்ந்தது. அதன் மேல் செங்கருமையான வழுவழுப்பான சவ்வொன்று படர்ந்தது. துடைத்தோம், மீண்டும் வந்தது. பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தோம். முன்னிலும் விரைவாக வந்தது.

அப்பொழுது நான் ஒரு தவறு செய்தேன். தேயிலையைக் கெடுக்கும் கொப்புள நோய் 1946இல் இலங்கையில் தோன்றிய காலந்தொட்டு, செம்பு கலந்த மருந்துகள் மலைநாட்டுக்குப் பழக்கமானவை. செப்புச் சல்பேற்றுப் பாசியைக் கொல்லும் என்பது நூல்களிலும் உண்டு. சிறிதளவு கரைத்து ஊற்றினேன். மறுநாட் காலையில் பாசி வெளிறியது கண்டு மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் நத்தைகள் அனைத்தும் இறந்து கிடந்தன. கடற்சாமந்திகளும் சுருங்கி மாண்டன. இறந்த பாசி அழுகி நீர் நாறியது. ஒரு மாதத்துள் பாசி திரும்பி வந்தது. அதனை மேய்வதற்கு நத்தை ஒன்றேனும் இருக்கவில்லை.

பாசி ஏன் வந்ததென்று வினவாது, அதனை எவ்வாறு ஒழிப்பதென்று மட்டும் வினவியதே என் பிழை. பாசி வளர ஒளியும், காபனும், நைதரசனும், பொசுபரசும் வேண்டும். இவற்றுள் எது மிகக் குறைவாகக் கிடைக்கின்றதோ அதுவே வளர்ச்சியின் எல்லையை வகுக்கும். கடலில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களில் ஒரு பொசுபரசு அணுவுக்குப் பதினாறு நைதரசன் அணு என்ற விகிதம் காணப்படுவதை அல்பிரட் றெட்பீல்ட் எடுத்துக்காட்டினார். அவ்விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு கிராம் பொசுபரசு, நீர் நீங்கிய நிறையில் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாசியை உண்டாக்கப் போதுமானது. எமது ஓடைநீர் தொட்டிக்குள் கொண்டுவந்தது இதனையே. நாம் ஊற்றியது தண்ணீரன்று, பசளை.

நன்னீர் ஏரிகளிலும் இதே நியதிதான். கனடாவில் 226 என இலக்கமிடப்பட்ட ஏரியொன்றை 1973இல் டேவிட் சின்ட்லர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் திரையொன்றினால் இரு கூறாக்கினர். ஒரு பக்கத்தில் காபனும் நைதரசனும் இட்டனர். மறுபக்கத்தில் அவற்றோடு பொசுபரசும் சேர்த்தனர். பொசுபரசு சேர்த்த பக்கம் மட்டுமே பச்சைப்பசேலென மாறிற்று.

இனி நமது மலைகளுக்கு வருவோம். நுவரெலியாவில் 1873இல் ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலத்தில் அமைந்த ஏரியின் நீர் நானுஓயா வழியே கொத்மலை ஓயாவை அடைகின்றது. தலவாக்கலைச் சுற்றுப்புறத்துத் தேயிலை மலைகளின் நீரும் அதே ஆற்றையே சேர்கின்றது. அவ்வாற்றை மறித்துக் கட்டிய கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் திறக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1991இல், அதன் நீர்ப்பரப்பில் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி பெருகிப் படர்ந்தது. எமது தொட்டியிற் படர்ந்த செங்கருஞ் சவ்வும் இக்குலத்ததே. மைக்ரோசிஸ்டிஸ் தன் உடலுள் வாயுப்பைகளை உடையது. அசைவற்ற வெதுவெதுப்பான நீரில் மேலெழுந்து மிதந்து, ஒளியைத் தானே கவர்ந்துகொள்ளும். 1999இல் கண்டி வாவியிலும் அதுவே பெருகியது.

இதில் அழகுக்கேடு மட்டுமே உளதாயின் இத்துணை எழுதவேண்டியதில்லை. இப்பாசியின் பல வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குவன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அந்நஞ்சுக்கு வகுத்த எல்லை ஒரு லீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராம் மாத்திரமே. நீரைக் கொதிக்கவைத்தால் நஞ்சு அழியாது; பாசியின் கலங்கள் உடைந்து, உள்ளிருந்த நஞ்சும் நீரில் கலக்கும். செப்புச் சல்பேற்று இட்டாலும் அவ்வாறே. அவுஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் குடிநீர்த் தேக்கத்துப் பாசியைக் கொல்லச் செப்புச் சல்பேற்று இட்டதைத் தொடர்ந்து 148 பேர் நோயுற்றனர். அவர்களுட் பெரும்பாலானோர் சிறுவர். என் தொட்டியில் நத்தைகள் மட்டுமே மடிந்தன.

ஆகவே பரிகாரம் நீருள் அன்று, மலைச்சரிவிலே தொடங்கவேண்டும். நைதரசன் நீரிற் கரைந்து செல்லும். பொசுபரசோ பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செல்லும். எனவே மண்ணைத் தடுத்தவர் பொசுபரசையும் பெருமளவு தடுத்தவராவர். சமவுயரக் கான்களை வெட்டி, அடைபடாமற் பேணுதல், புதுக்கன்று நட்ட மலைகளை வெறுமையாக விடாது மானாப்புல்லால் மூடுதல், ஓடைக்கரையில் சில யார் அகலத்துக்குப் புல்லும் புதருமாக விட்டுவைத்தல் என்பன தோட்டத்துப் பெரியவர்கள் அறியாதவை அல்ல. கடும் மழைக்கு முன்னாளில் பசளை இடுவது பணத்தையும் ஆற்றில் எறிவதாகும். உருளைக்கிழங்கும் லீக்சும் பயிரிடும் சரிவுகளில் மண் போகத்துக்குப் போகம் கிளறப்படுகின்றது. இரசாயனப் பசளையோடு கோழியெருவும் தாராளமாக இடப்படுகின்றது. பொசுபரசு ஏற்கெனவே தேங்கிய மண்ணில் மேலும் இடுவதற்குமுன் மண்ணைச் சோதித்தல் விவசாயிக்கும் இலாபம். லயங்களின் மலக்குழிகள் ஓடைக்கு அருகே அமைந்திருப்பின் அதுவும் பசளையே. எனினும் அதற்காக லயத்தில் வாழ்வோரைக் குறைகூறுதல் நியாயமன்று. அவர்கள் இடத்தைத் தேர்ந்தவரல்லர்.

பலன் உடனே கிட்டாது. அடிச்சேற்றில் தேங்கிய பொசுபரசு மெல்ல மெல்ல மேலெழுந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் சியற்றில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாக வேறுவழி திருப்பினர். 1970களின் நடுப்பகுதியில் நீர் தெளிந்திருந்தது.

எமது தொட்டியையும் அடுத்த ஆண்டில் மீண்டும் தொடங்கினோம். செம்பூறிய பழைய பாறையையும் மணலையும் அகற்றினோம். நன்னீருக்கு மழைநீரையே பிடித்தோம். தகரக் கூரையிலிருந்து வழிந்ததை அன்று, ஏனெனில் தகரத்திலுள்ள துத்தநாகமும் கடலுயிர்களுக்கு ஆகாது. முற்றத்தில் விரித்த பொலித்தீன் விரிப்பில் வீழ்ந்ததையே சேர்த்தோம். மீனுக்கு இடும் உணவைப் பாதியாகக் குறைத்தோம். யன்னலோரம் இருந்த தொட்டியை உட்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். புதிய நத்தைகளை விட்டோம். முதல் மாதம் சிறிது பாசி வந்தது. மாணவர் சிலர் முகம் வாடினர். நான் எதுவும் ஊற்றவில்லை. மூன்றாம் மாதம் முன்கண்ணாடி தெளிந்திருந்தது. பின்கண்ணாடியில் மெல்லியதாகப் படர்ந்த பச்சையை நத்தைகளுக்கென விட்டுவைத்தோம்.