கரசாகியின் இரவு மழை

ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களில் மழை பொழியும் ஆலயக் காட்சிகள் பல உள. அவற்றுள் ஹிரோஷிகே (1797-1858) என்னும் ஓவியரின் 'கரசாகியில் இரவு மழை' என்னும் ஒன்றை மட்டும் ஈண்டு ஆராய்வோம். அது 1830களில் வெளிவந்த 'ஓமியின் எட்டுக் காட்சிகள்' என்னும் தொகுதியைச் சார்ந்தது.

ஜப்பானின் மிகப் பெரிய ஏரியாகிய பிவாவைச் சூழ்ந்த நிலப்பகுதியே ஓமி. இஷியாமாவிற்கு இலையுதிர்கால நிலவு, ஹிரா மலைக்கு அந்திப்பனி, கரசாகிக்கு இரவு மழை என எட்டு இடங்களுக்கு எட்டுக் காட்சிகள் வகுக்கப்பட்டன. சீன ஓவிய மரபின் வழிவந்த முறை இது. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப் பயின்ற நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

கரசாகியின் ஏரிக்கரையில் ஷிந்தோ சமயத்தாரின் ஆலயம் ஒன்று உள்ளது. எனினும் ஓவியத்தில் ஆலயத்தைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்! தெய்வ உருவமோ வழிபாடோ அங்குக் காட்டப்படவில்லை. பரந்து கிளைத்த மாபெரும் பைன் மரம் ஒன்றே படத்தை நிறைக்கின்றது. அதன் இருள்திரள் மீது மழை செங்குத்தாக இறங்குகின்றது. ஆலயத்தின் தூய்மையை மரத்தின் மேலும் மழையின் மேலும் ஏற்றிக் கூறிய திறமே இவ்வோவியத்தின் சிறப்பு என்பது நம் துணிபு.

இம்மழையைப் பெய்வித்தவர் யார்? ஹிரோஷிகே என்பது பாதி உண்மையே. அவர் தாளில் வரைந்து தந்ததோடு அவர் பணி பெரும்பாலும் முடிந்தது. அத்தாளைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் மரத்தை அகழ்ந்தெறிந்தவர் செதுக்குநர். மயிரிழை போன்ற மழைக்கோடு ஒவ்வொன்றும் பலகையில் எஞ்சி நின்ற மெல்லிய வரம்பே ஆகும். பின்னர் வண்ணத்திற்கு ஒரு பலகையாக மைதடவி, தாளை அதன்மீது இட்டு, மூங்கில் மடல் போர்த்திய வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்தவர் அச்சுநர். வானத்தின் கருமை கீழ்நோக்கி மெல்லக் கரைவது, பலகையில் அவர் ஒவ்வொரு முறையும் கையால் மையைத் துடைத்துப் பரப்பியதன் பயன். இவ்விருவர் பெயரும் பெரும்பாலான ஓவியங்களில் இல்லை.

அவர்கள் திறம் எத்தகையது என்பதற்கு, 1857இல் வெளிவந்த ஹிரோஷிகேயின் பாலத்து மழை ஓவியம் சான்றாகும். அதில் சற்றே வேறுபட்ட சாய்வுடைய இரு பலகைகளால் மழை அச்சிடப்பட்டது. 1887இல் வான்கோ அதனைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். வண்ணம் பொலிந்தது, ஆயினும் உளி தந்த அம்மழையின் கூர்மை தூரிகைக்கு வாய்க்கவில்லை.