கம்ப்யூட்டர் சீட் கிடைக்காவிட்டால் குடியா முழுகிவிடும்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெற்றோர் தவிப்பு

பிளஸ்-2 ரிசல்ட் வந்துவிட்டால் போதும். ராஜபாளையம்-ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சில் அரசியல் பேச்சு நின்றுவிடும். "கட்-ஆப் எவ்வளவு அண்ணாச்சி? கம்ப்யூட்டர் கிடைக்குமா?" இதுதான் பேச்சு. பால்கோவா கடையிலும் இதே கேள்வி, பஞ்சாலை வாசலிலும் இதே கேள்வி!

கேட்பதில் தப்பு இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்ற பெயருக்காக நகையை அடகு வைத்து மானேஜ்மெண்ட் சீட் வாங்கக் கிளம்புகிறார்களே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

யார் என்ன படித்தார்கள்?

2015-ல் கூகிள் தலைமைப் பதவிக்கு வந்த சுந்தர் பிச்சை, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தது உலோகவியல். இரும்பு, செம்பு சமாசாரம்! எச்.சி.எல். தொடங்கிய சிவ் நாடார், கோவை பி.எஸ்.ஜி.யில் படித்தது எலக்ட்ரிக்கல். நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரர் சந்திரசேகரன், கோவையில் பி.எஸ்சி.யும் திருச்சி ஆர்.இ.சி.யில் எம்.சி.ஏ.வும் முடித்து, 1987-ல் டி.சி.எஸ்.சில் சேர்ந்தார். 2017-ல் டாட்டா சன்ஸ் தலைவரே ஆகிவிட்டார்.

"அவங்க பெரிய மூளைக்காரங்க, நம்ம பிள்ளைக்கு ஆகுமா?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஐ.ஐ.டி. முத்திரை விழுந்தால் எந்தப் படிப்பும் தூக்கிவிடும். சாதாரணப் பிள்ளைக்குக் கணக்கு வேறு.

வாசலில் 2 பூட்டு

பெரிய சாப்ட்வேர் கம்பெனிகள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும்போது எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் பிள்ளைகளையும் பரீட்சையில் உட்கார விடுகின்றன. எடுத்த பிறகு பயிற்சி கொடுப்பதும் அவர்களே. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களையும் விப்ரோ, டி.சி.எஸ். எடுக்கின்றன. விப்ரோ, வேலையோடு எம்.டெக். படிக்கவும் வைக்கிறது.

ஆனால் பல கம்பெனிகளின் வாசலில் 2 பூட்டு தொங்குகிறது. ஒன்று, 60 சதவீத மார்க். இன்னொன்று, அரியர் இருக்கக்கூடாது. கணக்கு என்றாலே ஓடுகிற பையனை வம்படியாகக் கம்ப்யூட்டரில் தள்ளினால், கணக்குப் பேப்பரிலேயே அரியர் குவியும். அப்புறம் அடகு நகைக்கு வட்டி கட்டியதுதான் மிச்சம்.

அதற்காக எல்லாப் படிப்பும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. சிப் வடிவமைக்கும் வேலைக்கு எலக்ட்ரானிக்ஸ் படித்தவனைத்தான் தேடுவார்கள். சிவில் படித்துவிட்டு சாப்ட்வேருக்குப் போகிறவன், புரோகிராமைத் தானாக உட்கார்ந்து படித்தாக வேண்டும். அது இரட்டை உழைப்பு.

பக்கத்திலேயே...

கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் கலசலிங்கம் கல்லூரி வந்தது. இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் 2013-ல் ராம்கோ என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. வீட்டுச் சோறு தின்று படிக்கலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். தென்காசி ரோட்டில் இன்னும் போனால், மத்தளம்பாறையில் சோஹோ கம்பெனி. பட்டமே இல்லாத பிளஸ்-2 பிள்ளைகளைத் தங்கள் பள்ளியில் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து, வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்!

சீட்டுக்குப் பணம் கட்டும் முன் இதையும் விசாரியுங்கள். 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, 2021 முதல் என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சீட் கிடைத்தால் படிப்புச் செலவும் ஹாஸ்டல் செலவும் சர்க்கார் பொறுப்பு. நிகர்நிலைப் பல்கலைக்கழக சீட்டுக்கு இது கிடையாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சிலிங் சீட்டில் கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சர்டிபிகேட்டுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம்.