காருக்குக் கீழே ஒயில் கறை: திருத்துவதா, விடுவதா, விற்பதா?



இரண்டு மாதங்களுக்கு முன்னர், எமது வானொலியில் குடும்பக் கணக்கு பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, லண்டனின் வெளிப்புறத்தில் வசிக்கும் ஒரு சகோதரி தொலைபேசியில் வந்தார். வயோதிபர்களின் வீடுகளுக்குச் சென்று பராமரிக்கும் வேலை அவருக்கு. விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட வேண்டும். அந்த நேரத்தில் அவர் போகும் வழிக்குப் பஸ் இல்லை. கார் நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் ஊரில் இருக்கும் தாயாருக்கு மாதாமாதம் போகும் காசும் நிற்கும்.

அவருடையது 2008ஆம் ஆண்டுப் பெற்றோல் கார். நிறுத்தும் இடத்தில் ஒயில் சொட்டிக் கறையாகிறது. கராஜில் 640 பவுண் கேட்டிருக்கிறார்கள். "காரே எண்ணூறு பவுண் போகாது, அதற்கு 640 செலவழிப்பதா? தூக்கி எறியுங்கோ" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "ஒயிலை விட்டு விட்டு ஓடுங்கோ அக்கா, ஒன்றும் நடக்காது" என்கிறார் தம்பியார். "அண்ணை, இதிலை எது சரியான கணக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

அன்று எனக்கு இருந்தது இரண்டு நிமிடம். அதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. நிகழ்ச்சி முடிந்ததும் அவருக்குத் தொலைபேசி எடுத்து நீண்ட நேரம் கதைத்தேன். அதையே இங்கு எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல, கணக்காளன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பயந்த பிழையையும், தம்பியார் சொன்ன பிழையையும் இரண்டையுமே செய்து காசை இழந்தவன்.

நான் விட்ட இரண்டு பிழைகள்

முதலாவது 1999இல். இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் கணக்கியல் படிப்பு. என்னிடம் இருந்த பழைய கார் ஒயில் சொட்டியது. கிழமைக்குக் கிழமை கொஞ்சம் விட்டு ஓடினேன். பரீட்சை நேரத்தில் பார்க்க மறந்து போனேன். ஒரு நாள் அதிகாலை வேலை முடிந்து வரும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓடினேன். ஒரு மைலில் எஞ்சின் இரும்பை இரும்பால் அடிப்பது போலச் சத்தம் போட்டு இறுகி நின்றது. காரும் போய், நேரத்துக்குப் போக முடியாமல் அந்த வேலையும் போனது.

இரண்டாவது 2011இல். பட்ட சூடு மறக்காமல், வேறொரு காரில் ஒயில் ஒழுகியவுடன் ஒன்றும் விசாரிக்காமல் 900 பவுண் கொடுத்துத் திருத்தினேன். ஐந்து மாதத்தில் எம்.ஓ.ரி பரிசோதனை வந்தது. அடிப்பக்கம் முழுவதும் கறள். ஒட்டிச் சரிசெய்ய இன்னொரு பெரிய தொகை. கார் பழைய இரும்புக்குப் போனது. 900 பவுணுக்கு நான் வாங்கியது ஐந்து மாதம், அதாவது மாதம் 180 பவுண்.

இந்த இரண்டிலிருந்தும் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். "கார் எவ்வளவு பெறும்?" என்பது முதற் கேள்வி அல்ல. "இந்தத் திருத்தம் எனக்கு எத்தனை மாதம் வாங்கித் தரும்? திருத்தாவிட்டால் எதை இழப்பேன்?" என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான்கு விடயங்கள் தெரிய வேண்டும்.

ஒன்று: ஒழுகுவது எது?

இரவில் காருக்குக் கீழே ஒரு பெரிய வெள்ளை மட்டையை விரித்து விடுங்கள். மண்ணிறமாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஒயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கியர்பெட்டி ஒயில் அல்லது ஸ்ரியறிங் ஒயில். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு நிறத்தில் தண்ணீர் போல இருந்தால் எஞ்சினைக் குளிராக்கும் திரவம். வெயில் காலத்தில் சுத்தமான தண்ணீர் மட்டும் சொட்டினால் அது குளிரூட்டியில் இருந்து வருவது, பயம் வேண்டாம். சக்கரங்களுக்குக் கிட்ட இளமஞ்சள் நிறத் திரவம் கண்டால் அது பிரேக் ஒயிலாக இருக்கலாம். அப்படியானால் காரை எடுக்கவே வேண்டாம்.

மட்டையில் கறை இல்லை, ஆனால் ஒயில் குறைகிறது என்றால் எஞ்சின் ஒயிலை எரிக்கக்கூடும். புகைக்குழாயில் நீலப் புகை வரும். அது வேறு வருத்தம், வேறு மருந்து.

இரண்டு: எவ்வளவு ஒழுகுகிறது?

கறையின் அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு தேக்கரண்டி ஒயில் நிலத்தில் பரவினால் பெரிய விபத்துப் போலத் தெரியும். சரியான அளவுகோல் பொன்னெற்றுக்குள் இருக்கும் ஒயில் கம்பிதான். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, கம்பியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பாருங்கள். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் சுமார் ஒரு லீட்டர். கிழமையில் ஒரு நாளைக் குறித்து வைத்து, திகதி, ஓடிய மைல், விட்ட ஒயில் மூன்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று கிழமையில் உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

அந்தச் சகோதரியின் காரில் மூன்று கிழமைக்கு அரை லீட்டர் குறைந்தது. வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்பது லீட்டர். ஐந்து லீட்டர் கலன் 30 பவுண் என்று வைத்தால் வருடத்துக்கு 60 பவுண், மாதம் 5 பவுண். தம்பியார் சொன்னதில் இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த ஐந்து பவுணுக்குள் ஆபத்தின் விலை சேரவில்லை.

மூன்று: எங்கிருந்து ஒழுகி, எதன் மேல் விழுகிறது?

ஒரே அளவு ஒயில் ஒரு காரில் வெறும் கறை, இன்னொரு காரில் பேராபத்து. சூடான புகைக்குழாயில் விழுந்தால் எரிந்த மணம் வரும், புகை வரும், தீப்பிடிக்கவும் கூடும். ரைமிங் பெல்ற்றில் ஊறினால் இறப்பர் பழுதாகி அறும். பல எஞ்சின்களில் அந்தப் பெல்ற் அறுந்தால் எஞ்சினே போய்விடும். கையால் கியர் மாற்றும் காரில் கிளச்சில் பட்டால் கிளச் வழுக்கும். இந்த மூன்றில் ஒன்று என்றால் மாதம் ஐந்து பவுண் கணக்குச் செல்லாது. உடனே திருத்த வேண்டும், அல்லது காரை விட வேண்டும்.

இடத்தைப் பொறுத்து விலையும் மாறும். ஒயில் மாற்றிய பின்னர் ஒழுகத் தொடங்கினால் முதலில் பில்ரரையும் அடியில் உள்ள ஒயில் திருகாணியையும் பாருங்கள். அதைவிட அதிகம் காண்பது எஞ்சினின் மேல் மூடிக்குக் கீழ் இருக்கும் கஸ்கற் காய்ந்து வெடிப்பது. பெரும்பாலான சிறிய கார்களில் இது பெரிய வேலை அல்ல. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் சிறிய வால்வு அடைத்தாலும் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல்களையும் தாண்டி ஒயில் வெளியே வரும். விலை உயர்ந்த சீலை மாற்றுவதற்கு முன்னர் இந்த வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் இருக்கும் பின் சீல்தான் எல்லாவற்றிலும் தலையிடி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். சீலின் விலை சொற்பம், ஆனால் அதை எட்டக் கியர்பெட்டியைக் கழற்ற வேண்டும். எப்படியோ கழற்றுவதானால், தேய்ந்த கிளச்சையும் அதோடு மாற்றினால் ஒரே கூலியில் இரண்டு வேலை முடியும்.

இங்கே ஒரு முக்கிய விடயம். ஒயில் மேலே ஒழுகினாலும் எஞ்சினின் பின்பக்கத்தால் வழிந்து கீழேதான் சொட்டும். ஓடும்போது காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறாக இருக்கலாம். எஞ்சினைக் கழுவித் துடைத்து, இரண்டு நாள் ஓடிவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒயிலுக்குள் ஒளிரும் சாயம் கலந்து ஊதா விளக்கில் பார்க்கும் முறையும் உண்டு.

ஒழுக்கை நிறுத்தும் என்று போத்தலில் விற்கும் மருந்து பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவற்றில் பல, காய்ந்த இறப்பர் சீலை மெதுவாக்கி வீங்கச் செய்பவை. மெல்லிய கசிவு சிலவேளை குறையும். வெடித்த கஸ்கற்றை அது ஒட்டாது.

நான்கு: மீதிக் கார் எப்படி?

நான் 2011இல் கேட்காத கேள்வி இது. இன்று அதற்குக் காசு தேவையில்லை. அரசாங்க இணையத்தளத்தில் காரின் இலக்கத்தைக் கொடுத்தால் பழைய எம்.ஓ.ரி முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். கறள் என்று வருடாவருடம் எழுதப்பட்டிருந்தால் யோசியுங்கள்.

எல்லா ஒயில் கசிவும் எம்.ஓ.ரியில் தோல்வி அல்ல. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஐந்து நிமிடத்துக்குள் 75 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாக நிலத்தில் தேங்கினால் தோல்வி. அதற்குக் குறைவானதைக் கவனிக்கும்படி எழுதிக் கொடுப்பார்கள். இது 2018 மே மாதத்தில் வந்த மாற்றங்களுடன் சேர்ந்த விதி.

இப்போது கணக்கு

கராஜ் கேட்ட 640 பவுணுக்கு வற் வரி சேரவில்லை. 20 வீதம் சேர்த்தால் 768. விலை கேட்கும்போது "வற் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். 768 பவுண் செலவழித்துக் கார் 24 மாதம் ஓடினால் மாதம் 32 பவுண். ஐந்து மாதத்தில் நின்றால் மாதம் 153 பவுணுக்கு மேல்.

வேறு கார் வாங்கினால்? உதாரணமாக 3,000 பவுணுக்கு வாங்கி இரண்டு வருடத்தில் 1,800க்கு விற்றால் மாதம் 50 பவுண் போகிறது. காப்புறுதியை மாற்றும் செலவும், கடன் எடுத்தால் வட்டியும் அதற்கு மேல். வீதி வரி காருடன் வராது, வாங்கியவர் புதிதாகக் கட்ட வேண்டும். அந்தக் காருக்குள் என்ன பழுது ஒளிந்திருக்கிறது என்பதும் எமக்குத் தெரியாது. எமது பழைய காரின் பழுது எமக்குத் தெரிந்த பழுது.

லண்டனில் இருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2023 ஓகஸ்ட் 29 முதல் யூலெஸ் வலயம் லண்டன் முழுவதும் விரிந்தது. பெரும்பாலும் 2006 முதல் பதிவான பெற்றோல் கார்களும், 2015 செப்ரெம்பருக்குப் பின்னர் பதிவான டீசல் கார்களும்தான் தப்பும். மலிவு என்று பழைய டீசல் காரை வாங்கினால் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். கிழமையில் ஐந்து நாள் ஓடினால் 62.50. ஒயில் சொட்டும் 2008 பெற்றோல் கார் அதைவிட இலாபம்.

ஏற்கெனவே அந்தக் காருக்கு எவ்வளவு செலவழித்தோம் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். "போன வருடம்தானே ரயர் போட்டேன்" என்று மனம் சொல்லும். போன காசு திருத்தினாலும் வராது, விற்றாலும் வராது. அலுவலகத்தில் வருபவர்களுக்கு இதைச் சொல்லும் நான் என் காருக்கு அதைச் சொல்ல மறந்தேன்.

மறக்கக்கூடாத மூன்று

விளக்கெண்ணெய்க் கூசா போன்ற வடிவில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஒயில் அழுத்தம் இல்லை என்பதன் அறிவிப்பு. பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். வீடு கிட்ட என்று ஓட வேண்டாம். ஒயில் விட்ட பின்னரும் விளக்கு அணையாவிட்டால் காரை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

பழைய ஒயிலை வடிகானில் ஊற்றுவது குற்றம். பல உள்ளூராட்சிக் குப்பை நிலையங்களில் எடுப்பார்கள்.

காரை எறிவதாக முடிவெடுத்தால் அனுமதி பெற்ற இடத்தில் கொடுத்து, அழித்ததற்கான சான்றிதழ் வாங்குங்கள். இங்கிலாந்தில் பழைய இரும்புக்குக் கையில் காசு கொடுப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. காசை நீட்டுபவரிடம் கார் உங்கள் பெயரிலேயே எங்காவது ஓடலாம்.

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

முதற் கராஜ் பின் சீல் என்று சொல்லியிருந்தது. நான் கேட்டுக்கொண்டபடி அவர் இரண்டாவது கராஜுக்குப் போய், கழுவிப் பார்க்கச் சொன்னார். இரண்டு நாள் ஓடிய பின்னர் பார்த்தால் மேல் மூடியின் பின்பக்கக் கஸ்கற்றில் இருந்துதான் பெரும்பகுதி ஒயில் வழிந்திருக்கிறது. வற் சேர்த்து 156 பவுணுடன் அது முடிந்தது. பின் சீலிலும் மெல்லிய ஈரம் இருக்கிறது. அதைத் தொடவில்லை. எம்.ஓ.ரி முடிவுகளில் கறள் பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த நான்கு கிழமையும் கம்பியைப் பார்த்தார், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒயில் குறையவில்லை.

சுகமாகத் திருத்தக்கூடியதைத் திருத்தி, விலை கூடியதைக் கொப்பியில் வைத்துக் கவனிப்பதும் ஒரு முடிவுதான். எல்லோருக்கும் இப்படி மலிவாக முடியும் என்று நான் சொல்லவில்லை. பின் சீல்தான் என்று உறுதியாகியிருந்தால், மாதம் 32 பவுணா 50 பவுணா என்று மீண்டும் இருந்து கணக்குப் பார்த்திருப்போம்.

போன கிழமை அவர் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, அம்மாவுக்கு இந்த மாதமும் நேரத்துக்கு அனுப்பிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை விடிய ஒயில் கம்பி பார்க்கிறது இப்ப மகளின்ரை வேலை" என்றார்.

உங்கள் வீட்டிலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பொன்னெற்றைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம் போதும். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.