கண்ணுக்கேற்ற காண்டாக்ட் லென்ஸ்

செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே 1961-ஆம் ஆண்டில் மென்மையான காண்டாக்ட் லென்ஸை உருவாக்கினார். இன்று மூக்குக் கண்ணாடியை விடுத்து அதனை நாடும் இளைஞர் பலர். கண்ணாடிச் சீட்டிலுள்ள பவரைக் கடையில் காட்டி லென்ஸ் வாங்கினால் போதும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு.

கருவிழியின் மேற்படலமாகிய கார்னியாவில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பெறுகின்றது. லென்ஸ் இறுகப் படிந்தால் கண்ணீரோட்டம் தடைப்படும். தளர்ந்திருந்தால் நழுவிப் பார்வை கலங்கும். ஆகவே கண் மருத்துவர் கெரட்டோமீட்டர் என்னும் கருவியால் கருவிழியின் வளைவை அளக்கின்றார். கண்ணீர்ச் சுரப்பையும் இமைகளையும் சோதிக்கின்றார். லென்ஸை அணிவித்து, இமைக்கும்போது அது சற்றே அசைகின்றதா என்று நோக்குகின்றார். கண்ணாடியின் பவர் 4 டயாப்டருக்கு மேற்பட்டால் லென்ஸின் பவரும் மாறுபடும்.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு இவற்றை வற்புறுத்துங்கள்: கைகளைக் கழுவி, ஈரமறத் துடைத்த பின்னரே லென்ஸைத் தொட வேண்டும். குழாய் நீரில் அதனைக் கழுவலாகாது. அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் அந்நீரில் இருக்கக்கூடும். உறங்குமுன் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே மருத்துவரைக் காண வேண்டும். கருவிழியில் புண் உண்டானால், அது ஆறிய பின்னும் தழும்பு நின்று பார்வையை மறைக்கலாம்.