வடாம் காய்ந்த மாடி

சித்திரை பிறந்துவிட்டால் மாம்பலம் வீட்டின் மொட்டை மாடி பாட்டியின் ஆளுகைக்குள் போய்விடும். பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, விடிவதற்குள் வடாம் பிழிந்துவிடுவார். காக்கை விரட்டுவது என் வேலை. பகலில் மிளகாயும் துணியும் காயும். இரவில் பாய் விரிப்போம். வெயிலில் ஒரு கைப்பிடி அளவைக்கூட அந்த வீடு வீணாக்கியதில்லை.

அது 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். புரட்டாசியில் தாத்தா அதன் மேல் குனிந்தபடி நடப்பார். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் கொத்தனாருக்கு ஆள் போகும்.

அந்த வீடு இன்று இல்லை. அதே மனையில் எட்டுக் குடும்பங்கள் வாழும் அடுக்ககம் நிற்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் இருக்கின்றன. மனிதர்கள் ஏறுவது அபூர்வம். சில மாதங்களாக எங்கள் கூட்டங்களில் அந்த மாடியைப் பற்றித்தான் பேச்சு: சோலார் போடலாமா?

சென்னையில் பல தெருக்களில் இதே கேள்வி இருக்கிறது. தமிழ்நாடு 2012-லேயே சூரிய ஆற்றல் கொள்கை வகுத்தது. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டம் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. 3 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். செலவு 2 லட்சத்துக்கு முன்பின் ஆகும். நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். ஏ.சி. ஓடும் வீட்டுக்கு இது நல்ல கணக்கு. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதால், சிக்கனமாக வாழும் வீட்டுக்குப் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். எங்களைப் போன்ற அடுக்ககவாசிகளுக்கு வேறு வழி உண்டு. மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. அதற்குச் சோலார் போட்டால் பலன் எட்டு வீட்டுக்கும் பொது.

"ஒழுகினா என் தலையிலதானே ஒழுகும்?" என்றார் மேல்தளத்து மாமி. அவர் பயம் நியாயமானது. தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கினால் தட்டோட்டுக்குக் கீழே ஓதம் இறங்கும். துளைக்காமல் கான்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தலாம். ஆனால் அந்தக் கனத்தையும் காற்றின் இழுப்பையும் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் இந்த ஊர் மரங்களை வேரோடு சாய்த்ததை நாம் கண்டோம். பேனலுக்கு அடியில் புகும் காற்று அதைப் பாய்மரம்போல் தூக்கப் பார்க்கும்.

நெருப்புப் பயமும் வீணானது அல்ல. மெயினை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து இறங்கும் டி.சி. வயரில் மின்னழுத்தம் இருக்கும். இணைப்பு தளர்ந்தால் பொறி பறக்கும். கரண்ட் போனால் சோலார் காப்பாற்றும் என்ற நம்பிக்கைதான் தவறு. பேட்டரி இல்லாத அமைப்பு, ஈ.பி. நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது இருண்ட நாட்களை நினைத்துச் சோலார் வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இத்தனை ஆபத்தும் நம் கண்ணெதிரே, நம் தலைக்கு மேல் இருப்பதால் எண்ணிப் பார்க்கிறோம். சுவிட்சைத் தட்டினால் வந்த மின்சாரத்துக்கு எண்ணூர் கொடுத்த விலையை நாம் எண்ணியதில்லை. 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல் மின்நிலையம் நிலக்கரி எரித்தது. அது மூடப்பட்ட பிறகும் வடசென்னை நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தை விடவில்லை. மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் அந்தச் சாம்பலில் வலை வீசின. எட்டு வீட்டுச் சோலார் அந்த ஆற்றை மீட்டுவிடாது. ஆனாலும் நம் தேவையில் ஒரு பங்கின் சுமையை நம் கூரையே தாங்குவது நேர்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த ஊர்க் கூரைகளுக்குப் பொதுக்கடமை புதிதல்ல. 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. வறண்ட கிணறுகளில் நீர் ஊறியது. பிறகு பல வீடுகளில் அந்தக் குழாய்களைச் சருகு அடைத்தது. போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். சோலாரிலும் அதே தவறு நேர்ந்தால் மாமியின் பயம் பலித்துவிடும். பேனல் 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டரைப் பாதி வழியிலேயே மாற்ற நேரும். தூசியைக் கழுவ வேண்டும். கடற்காற்றில் துரு ஏறும் இரும்பைக் கவனிக்க வேண்டும். இதற்கெல்லாம் முதல் நாளே பணம் ஒதுக்க வேண்டும்.

சென்ற ஞாயிறு கூட்டத்தில் சம்மதம் கிடைத்தது. முதலில் தளத்தின் ஓதத்தைச் சரிசெய்வது, பிறகு பேனல் என்று முடிவு. துணி காயப் பாதி மாடியை விட்டுவைக்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரியை நான் எழுதினேன்: 'ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன், இருவர் மாடியேறி ஒவ்வொரு போல்ட்டையும் ஒவ்வொரு விரிசலையும் பார்த்துவர வேண்டும்.' முதல் ஆண்டுக்கு என் பெயரோடு மாமியும் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார்.