கரைச்சல் காலத்து உத்தியோகம்

2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையில், மட்டக்களப்பு உட்பட ஆறு இடங்களுக்கு உள்ளூர்க் கண்காணிப்புக் குழு அமைக்கும் ஏற்பாடு இருந்தது. குழுவுக்கு ஐந்து பேர்: அரசு தரப்பில் இருவர், புலிகள் தரப்பில் இருவர், தலைமைக்கு வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். உள்ளூர் நால்வரை ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரச ஊழியர்கள், சமயத் தலைவர்கள் போன்றோரிலிருந்து எடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. பாதுகாப்புக் கற்கையில் பட்டம் பெற்றவர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாவியைச் சுற்றி எத்தனை பேர் அகப்பட்டிருப்பார்கள்?

ஆனால் வேலை தெரிந்தவர்கள் ஊரில் முன்பே இருந்தார்கள். எண்பதுகளின் பிரஜைகள் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்துப் போன பிள்ளையைத் தேடி வரும் தாய் சொல்வதை எழுத வேண்டும். முகாமுக்குப் போய் அதிகாரியிடம் கேட்க வேண்டும். பட்டியலைக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்ப வேண்டும். குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவிலிருந்து 1948இல் மட்டக்களப்புக்கு வந்து புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்த ஹரி மில்லர் அடிகளார், காணாமல் போனோரின் விபரங்களை ஆண்டுக்கணக்காகப் பதிந்து வைத்தார். அவரைப் போலவே இங்கு வந்து தங்கிவிட்ட இயூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் காணாமல் போனார். அடுத்த மாதம் 5ஆம் திகதி, அகதி முகாமாகியிருந்த வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேர் திரும்பவேயில்லை. சர்வதேச மனிதாபிமானச் சட்டம் என்று இன்று விரிவுரையில் நடத்துகிற பாடம் அப்போது அந்த வளாகத்து முற்றத்திலேயே கிடந்தது. படித்தவர்களுக்குச் சம்பளமுமில்லை, சான்றிதழுமில்லை.

சம்பளம் வந்தது 2002க்குப் பிறகுதான். எழுவான்கரை இராணுவத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம், நடுவே வாவி. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த நோர்வேக்காரருக்கும் ஐஸ்லாந்துக்காரருக்கும் மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு என்.ஜி.ஓ.க்கள் பெருகி, ஆங்கிலம் கொஞ்சம் பேசக்கூடிய உயர்தரக்காரப் பிள்ளைக்கும் பீல்ட் ஒஃபிஸர் வேலை கிடைத்தது. எந்தச் சோதனைச்சாவடியில் எவரிடம் என்ன தொனியில் பேசுவது, யாருடைய பெயரை அறிக்கையில் எழுதாமல் விடுவது என்பதையெல்லாம் அவர்கள் வேலையில் கற்றார்கள். அவர்களிற் பலரை எந்த முதுமாணிக்காரருக்கும் சமமாக வைப்பேன். ஆனால் அந்த அனுபவத்தைச் சுயவிபரக் கோவையில் எப்படி எழுதுவது? ‘புரொஜெக்ட் முடிந்தது’ என்ற ஒரு வரியோடு பலருடைய உத்தியோகம் நின்றுபோனது.

அந்த வெளிநாட்டுக் கண்காணிப்புக் குழு 2008 ஜனவரியில் நாட்டைவிட்டுப் போனது. 2014இல் வாவியின் இரு கரைகளையும் இணைக்கும் மண்முனைப் பாலம் திறந்தது. படகுப் பாதைக்குக் காத்து நின்ற காலம் போயிற்று. 2017இல் மாவட்டத்தில் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊருக்கு எல்லாமே நல்லது. கரைச்சலை நம்பியிருந்த உத்தியோகத்துக்குத்தான் இடமில்லாமல் போனது.

இன்றோ படிப்புக்குக் குறைவில்லை. கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையம் 1974 முதல் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பட்டப்படிப்பு உண்டு. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் குடிமக்களைச் சேர்க்கிறது. படித்து முடித்த மட்டக்களப்புப் பிள்ளை எங்கே போகிறது? வெளிநாட்டுச் சேவைப் போட்டிப் பரீட்சையில் தேர்வாகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். பலர் அபிவிருத்தி உத்தியோகத்தராகிப் பிரதேச செயலகக் கதிரையில் அமர்கிறார்கள், இல்லையேல் உயர்தரத்துக்கு அரசறிவியல் ரியூஷன் கொடுக்கிறார்கள். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் காந்தி பூங்காவில் நாட்கணக்காகக் குந்தியிருந்து கேட்டது அரசாங்க வேலையைத்தான். கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும் என்கிற பெற்றோரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் தீவிரவாதத் தடுப்பு, நல்லிணக்கம் என்று புதிய புரொஜெக்டுகள் வந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், டொலரில் ஓடிய மேசைகள் மறுபடி ஆட்டம் கண்டன. பென்ஷன் உள்ள கதிரை அப்படி ஆடாது.

இருந்தாலும் ஊருக்குள்ளேயே இந்தப் படிப்புக்கேற்ற இடம் சில இருக்கின்றன. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும், காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் மட்டக்களப்பில் பிராந்திய அலுவலகம் உண்டு. அங்கே தமிழில் முறைப்பாடு கேட்டு, சிங்களத்தில் பொலிசோடு பேசி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிற ஆள்தான் பயன்படுவார். வந்தாறுமூலையில் முதுமாணிக்கு விண்ணப்பம் நிரப்புகிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால், முதலில் சிங்களம் படியுங்கள், இரண்டாவது பட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்வேன்.