ரெண்டு ஓஎஸ், ஒரே டிஸ்க்: ஃபைல் ஏன் சேவ் ஆக மாட்டேங்குது?

2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ், நம்ம சென்னை சி-டாக் உருவாக்கியது. டூயல் பூட் என்பது தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அப்போதே வந்துவிட்டது. திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

இப்போ லேப் வேலைக்காக நாமே உபுண்டு போட்டுக்கறோம். தாம்பரம் ரூமில் விண்டோஸில் அடித்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை காலேஜில் உபுண்டுவில் திறந்தால், படிக்கலாம், சேவ் பண்ண முடியாது. 'ரீட் ஒன்லி' என்கிறது.

டிஸ்க் கெட்டுப்போகலை. விண்டோஸ் 8-லிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். நீங்க 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா அணையாது. தன் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அதற்குள் அப்படியே இருக்கும். நடுவில் லினக்ஸ் புகுந்து எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் தன் பழைய கணக்கை நம்பி வேலை செய்யும், ரிப்போர்ட் போச்சு. அதனால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. நெட்டில் கிடைக்கும் ஃபோர்ஸ் மவுண்ட் கட்டளையை ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி போட்டுப் பார்க்காதீங்க.

சுலபமான வழி: விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' கொடுத்து உபுண்டுவுக்குள் போங்க. ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுசா மூடும். நிரந்தரமா வேணும்னா, கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துடுங்க. பூட் ஆக சில நொடி கூடும், அவ்வளவுதான். பிட்லாக்கர் ஆன்ல இருந்தா 48 இலக்க ரிகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைங்க. பூட் செட்டிங்கைத் தொட்டதும் அதைக் கேட்கலாம்.

எதிர்த்திசை இன்னும் மோசம். உபுண்டுவின் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கவே தெரியாது. சில நேரம் "ஃபார்மேட் பண்ணட்டுமா?" என்று கேட்கும். 'கேன்சல்' மட்டும்தான் பதில்.

ஆக, ரெண்டு பக்கமும் வேண்டிய ரிப்போர்ட், பிபிடி, பிடிஎஃப் எல்லாத்துக்கும் தனியா ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் வைங்க. அதுக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆஃப்ல இருக்கணும். லினக்ஸில் ஓட்டும் கோடை மட்டும் அங்கே வைக்காதீங்க: என்டிஎஃப்எஸ்ஸில் எக்ஸிக்யூட் பர்மிஷன் சரியா ஒட்டாது, 'சிஎச்மோட்' போட்டாலும் பல நேரம் மாறாது. கோடு ஹோம் ஃபோல்டரிலேயே இருக்கட்டும். கிட்டில் புஷ் பண்ணிட்டா விண்டோஸிலிருந்தும் எடுத்துக்கலாம்.